பேர் போன பாட்டுக்காரர்கள்

நெடுந்தீவுக் கரையில் வலை இழுத்தவர்களின் பாட்டுக்கும், கிற்றாரோடு வந்த ‘சின்ன மாமி’க்கும், ‘சுராங்கனி’க்கும் நேர்ந்தது ஒன்றே

‘வாடைக்காற்று’ 1978இல் வந்த படம். செங்கை ஆழியான் எழுதி 1973இல் வீரகேசரி பிரசுரமாக வெளியான நாவல்தான் அதன் கதை. பருவத்துக்குப் பருவம் நெடுந்தீவுக் கரைக்கு வந்து, வாடி போட்டு, மீன் பிடித்துக் காயவைத்துத் திரும்பிப் போகிற தொழிலாளிகளையும், அவர்களால் அந்த ஊருக்குள் வந்து சேருகிற காதலையும் பகையையும் சொல்வது. பிரேம்நாத் மொறாயஸ் இயக்கினார். டி. எப். லத்தீப் இசை, ஈழத்து இரத்தினம் பாட்டு. கதை நெடுந்தீவில் நடந்தாலும் படப்பிடிப்பு மன்னார்ப் பக்கம் பேசாலையில் நடந்தது. குறிகாட்டுவானில் வள்ளம் ஏறி ஒரு மணி நேரம் அலையில் ஆடிப் போய் இறங்க வேண்டிய தீவு அது என்று தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

அந்தப் படத்தில் நடித்தவர்களில் ஒருவர் ஏ. ஈ. மனோகரன். தமிழ்நாட்டுக்கு அவர் சிலோன் மனோகர். இலங்கைக்குப் பொப் இசைச் சக்கரவர்த்தி. கலியாண வீட்டு ஒலிபெருக்கி முதல் கொழும்பு மேடை வரை அவருடைய குரல் போயிருந்த காலம் அது. தீவகத்துக் கடற்றொழிலாளியின் கதைக்குள் ஒரு பொப் பாட்டுக்காரர் வந்து நிற்பதை அன்று யாரும் விசேஷமாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று திரும்பிப் பார்க்கும்போது, இலங்கைத் தமிழ்ப் பாட்டின் இரண்டு காலங்கள் ஒரே படச்சட்டத்துக்குள் தற்செயலாக அகப்பட்டுக்கொண்டன என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, வேலைக்காகப் பாடிய காலம். மற்றது, வேலை முடிந்த பின் பாடி இசைத்தட்டில் ஏறிய காலம்.

முதலாவதைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணக் கரையோரத்திலும் தீவுகளிலும் தொழிற்பாட்டுக்கு அம்பா என்று பெயர். கரைவலையை இழுக்கிறவர்கள் இரண்டு கயிற்றிலும் வரிசையாக நிற்பார்கள். வலை கனமானது, மடி நிறைந்தால் இன்னும் கனம். எல்லோருடைய கையும் ஒரே கணத்தில் இழுக்காவிட்டால் கயிறு நகராது. அந்தக் கணத்தைச் சொல்லிக்கொடுப்பதுதான் அம்பாவின் வேலை. ஒருவர் அடி எடுப்பார். மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்றோ வேறு ஒலியாலோ ஏற்றுக்கொள்வார்கள். ஏற்கிற இடத்தில் கை இழுக்கும், எடுக்கிற இடத்தில் மூச்சு வாங்கும். தண்டு வலிக்க ஒரு நடை, வள்ளத்தைக் கரையேற்ற இன்னொரு நடை.

தாளம்தான் மாறாதது. சொல் அன்றன்றைக்குப் பிறந்தது. அந்தோனியாரையோ பிள்ளையாரையோ கூப்பிட்டுத் தொடங்கி, வலை முதலாளியான சம்மாட்டியின் கஞ்சத்தனத்துக்கு வந்து, கரையில் மீனுக்குக் காத்து நிற்பவளைச் சீண்டி, போன கிழமை கடலில் நடந்ததைச் சொல்லி, மறுபடி சாமியிடம் போய் முடியும். சம்மாட்டி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருப்பார். கூலிக்காரன் முதலாளியை முகத்துக்கு நேரே நையாண்டி செய்யக் கிடைத்த ஒரே இடம் அந்தக் கயிறு. பாட்டில் சொன்னதற்குக் கோபிக்க முடியாது. கோபித்தால் வலை வராது. அடி எடுக்கிறவர் தொண்டை உள்ளவராக இருந்தால் மட்டும் போதாது, நாக்கும் வேண்டும். இன்றைய மொழியில் சொன்னால் அவரே பாடலாசிரியர், அவரே பாடகர். ஆனால் கூலிக் கணக்கில் அவருக்குத் தனியாக ஒரு பங்கு இருந்ததில்லை. பாட்டுக்கு அவர் பெயர் ஒட்டியதும் இல்லை. இன்று எடுத்த அடியை நாளை வேறொருவர் வேறு ஊரில் மாற்றிப் பாடுவார். அதைக் களவு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

தீவகம் இந்த வகைப் பாட்டுக்கு விளைநிலமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. நல்ல தண்ணீருக்குத் தவிக்கிற, பனையையும் கடலையும் மாட்டையும் நம்பிய நிலம். ஊர்காவற்றுறை ஒரு காலத்தில் கப்பல் வந்து போன துறை. கடலுக்குள் நிற்கிற கோட்டை அதற்குச் சாட்சி. துறை படுத்த பிறகு பிழைப்புக்கு வெளியே போவது தீவாரின் வழக்கமானது. புங்குடுதீவாரின் கடைகள் கொழும்பில் பேர் பெற்றவை. போனவர்கள் கோயில் திருவிழாவுக்குத் திரும்பி வருவார்கள். நயினாதீவு நாகபூசணி அம்மனின் ஆனித் திருவிழாவுக்கு வள்ளங்கள் நிறைந்து வரும். அப்படி வந்து போகிற வழியில் பாட்டும் ஏறி இறங்கியது. கரைவலைக்காரர் பாசையூரிலும் குருநகரிலுமிருந்து வந்தால் அந்த ஊர்க் கத்தோலிக்க நாட்டுக்கூத்தின் மெட்டும் கூட வரும். காத்தவராயன் கூத்தின் சிந்து நடையோ யாழ்ப்பாணத்தில் எந்த ஊரிலும் எந்தச் சாதியிலும் தெரிந்த மெட்டு.

இதையெல்லாம் எழுதிவைத்தவர்கள் மிகச் சிலர். வட்டுக்கோட்டை மு. இராமலிங்கம் ஊர் ஊராகப் போய் நாட்டுப் பாடல்களையும் ஒப்பாரிகளையும் திரட்டி நூலாக்கினார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கூத்தாட வைத்து, படித்தவர்கள் கூத்தைப் பார்த்து முகம் சுளித்த பழக்கத்தை உடைத்தார். காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து ‘அரிச்சந்திர மயான காண்ட’த்தை ஊர் தோறும் மேடையேற்றி, இசை நாடகக் கலைஞர் ஒருவருக்கும் நட்சத்திரப் புகழ் கிடைக்கும் என்று காட்டினார். கயிற்றில் நின்று அடி எடுத்தவரைத் தேடி மட்டும் யாரும் ஒலிப்பதிவுக் கருவியோடு போதிய அளவு போகவில்லை. போயிருந்தாலும் காலம் அதிகம் இருக்கவில்லை. 1950களின் பிற்பகுதியில் இயந்திரப் படகுகளும் நைலோன் வலைகளும் வரத் தொடங்கின. தண்டு வலிக்கிற கை குறைந்தது. பிறகு கரைவலையையே சில கரைகளில் உழவு இயந்திரம் இழுக்கத் தொடங்கியது. இயந்திரத்துக்கு முன்பாட்டும் வேண்டாம், பின்பாட்டும் வேண்டாம். அம்பா இன்று பாடசாலைப் போட்டி மேடையில், சாரத்தை மடித்துக் கட்டிய பிள்ளைகள் இல்லாத வலையை இழுத்துப் பாடுகிற உருப்படியாக மிஞ்சியிருக்கிறது. நன்றாகவே பாடுகிறார்கள். சம்மாட்டியைத் திட்டுகிற அடிகள் மட்டும் அங்கே வருவதில்லை.

கயிற்றிலிருந்து பாட்டு இறங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான், அறுபதுகளின் கடைசியில், யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழ் கிற்றாரில் ஏறியது.

அதை ஏற்றியவர் நித்தி கனகரத்தினம். யாழ்ப்பாணம் உரும்பிராய்க்காரர். தோட்டமும் துரவும் கிணறும் உள்ள செம்மண் ஊர். படிப்புக்காகக் கிழக்கே அம்பாறைக்குப் போய் ஹார்டி நிறுவகத்தில் சேர்ந்தார். கல்லோயாத் திட்டத்தின் நீர் பாய்கிற புதிய குடியேற்றப் பூமி, பல ஊர்ப் பையன்கள் ஒன்றாகக் கிடக்கிற விடுதி வாழ்க்கை. சிங்களப் பையன்கள் பைலா பாடுவார்கள். கலிப்சோ பாணியில் கிற்றார் அடிப்பார்கள். தமிழ்ப் பையன்களுக்குப் பாட என்ன இருந்தது? ஒரு பக்கம் சினிமாப் பாட்டு, மறுபக்கம் தேவாரம். இரண்டுமே விடுதித் தாழ்வாரத்தில் பத்துப் பேர் கைதட்டிப் பாட ஏற்றவையல்ல. அந்த இடைவெளியில் பிறந்ததுதான் ‘சின்ன மாமியே’.

அந்தப் பாட்டின் கட்டுமானத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஓர் இளைஞன் மாமியிடம் அவள் மகள் எங்கே என்று விசாரிக்கிறான். விசாரணை விசாரணையாகவே போகிறது. உள்ளே ஒளிந்திருப்பது என்னவென்று கேட்பவருக்கும் தெரியும், மாமிக்கும் தெரியும். மாமி மகளைக் கட்டும் உரிமை வழக்கமாக உள்ள சமூகத்தில், மாமியைச் சீண்டுவது மருமகனுக்கு அனுமதிக்கப்பட்ட குறும்பு. நாட்டுப் பாடல்களில் இது நூற்றுக்கணக்கான வடிவத்தில் உண்டு. எடுப்பும் ஏற்பும் என்ற முறை அம்பாவுக்கு உரியதே. சொற்களோ அசல் பேச்சு. இலக்கணத் தமிழின் விறைப்பு இல்லை. புதிதாக வந்தவை கிற்றாரின் மூன்று சுரக்கட்டும், இடுப்பை ஆடவைக்கிற பைலா நடையும்தான். மேற்கத்திய இசையைத் தமிழில் கொண்டுவந்தவர் என்று நித்தியைச் சொல்வார்கள். நான் அதை மறுபக்கத்திலிருந்து சொல்வேன்: ஊர்ப் பாட்டுக்கு ஒரு புது வாத்தியம் வாங்கிக் கொடுத்தவர்.

அவருடைய ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ இதைவிட நுட்பமானது. பனை நிறைந்த யாழ்ப்பாணத்தில், தீவகத்தில், கள்ளு என்பது பலருடைய தொழில், பலருடைய குடி, பல வீடுகளின் கண்ணீர். மதுவிலக்குப் பிரசாரம் செய்தவர்களுக்கு ஊரில் குறைவில்லை. அவர்கள் மேடையில் சொன்னதையே இந்தப் பாட்டும் சொன்னது. ஆனால் இதைக் கள்ளுக்கடையில் இருந்தவர்களே கைதட்டிப் பாடினார்கள். புத்திமதியை ஆட்டத்துக்கு ஏற்ற மெட்டில் வைத்தது அவருடைய சாமர்த்தியம். புத்திமதி எடுபட்டதா என்பது வேறு விஷயம். பாட்டு எடுபட்டது.

பாடல்கள் ஒரு பக்கத்துக்கு இரண்டாகக் கொள்ளும் 45 சுழற்சிச் சின்னத்தட்டாக வெளிவருகிற காலம். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1967இல் உருவானது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை பாக்கு நீரிணைக்கு அப்பாலும் கேட்கப்பட்டது. தமிழ்நாட்டுச் சினிமாப் பாட்டை இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று இராமேசுவரம் தொட்டுச் சென்னை வரை உண்டு. அந்த அலைவரிசையில் இடையிடையே ‘ஈழத்துப் பாடல்’ போனபோது அவர்களும் கேட்டார்கள். 1970இல் வந்த அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. தென்னிந்திய சஞ்சிகைகளுக்கும் தடைகள் வந்தன. பருப்புக்கும் மாவுக்கும் வரிசையில் நின்றவர்கள் அந்த ஆட்சியை வேறு விதமாக நினைவுகூருவார்கள். ஆனால் உள்ளூர் எழுத்துக்கும் படத்துக்கும் பாட்டுக்கும் அது ஒரு வெளியைத் திறந்துவிட்டது. வீரகேசரி பிரசுரமாக ‘வாடைக்காற்று’ நாவல் வந்ததும், அது படமானதும் அந்த வெளியில்தான். நித்திக்குப் பின்னே அமுதன் அண்ணாமலை, எஸ். இராமச்சந்திரன், இம்மானுவேல், ஸ்ரான்லி சிவானந்தன் என்று ஒரு வரிசையே எழுந்தது.

இவர்களில் எவரும் பாட்டை நம்பி வாழ்ந்த கதை எனக்குத் தெரிந்து இல்லை. நித்தி பாட்டுக்காரராக மட்டும் இருக்க முனையவும் இல்லை. படித்தார், வேலை பார்த்தார், பிறகு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து மெல்பனில் விரிவுரையாளராக இருந்தார். யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்க ஒழுங்கு அது: சம்பளம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தமிழ் பேசுகிற இலங்கையின் சந்தை அவ்வளவு சிறியது. ஒரு தட்டு எல்லா வீட்டிலும் ஒலித்தாலும் எல்லா வீட்டிலும் தட்டு இருக்காது. வானொலி இருக்கும்.

சிங்களப் பக்கத்திலும் தொடக்கம் இப்படித்தான். பைலாவைக் கலிசம் போட்ட நகரத்துப் பாட்டாக மாற்றியவர் வொலி பஸ்தியன். அவர் ஒரு பொலிஸ்காரர். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியரும் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட காப்பிரிகளும் காப்பாற்றி வைத்திருந்த கப்ரிஞ்ஞா நடையை எடுத்து, தெருவிலும் பொலிஸ் நிலையத்திலும் பார்த்த வேடிக்கைகளைச் சொல்லாக்கி, கோரஸ் பைலா என்ற வடிவத்தைக் கொடுத்தார். 1985இல் இறந்தார். அவர் பாட்டுகளைப் பாடாத சிங்களக் கலியாண வீடு இன்றும் இல்லை. யாழ்ப்பாணத்துத் துறைகளையும் போர்த்துக்கேயர் ஆண்டார்கள். ஆனால் இங்கே அவர்கள் விட்டுப்போன இசை கத்தோலிக்கக் கூத்துக்குள் போய் ஒடுங்கிக்கொண்டது. பைலாவாக அது தமிழுக்குத் திரும்பி வர, கொழும்பைச் சுற்றி நீண்ட காலம் அலைய வேண்டியிருந்தது.

அப்படித் திரும்பி வந்ததில் மிகப் பெரிய அலை ‘சுராங்கனி’. அதைப் பாடிய மனோகரன் அதற்கு முன்பே நடிகர். 1966இல் ‘பாச நிலா’ என்ற இலங்கைத் தமிழ்ப் படத்தில் நடித்தவர். மேடைக்கு வேண்டிய உயரமும் உடுப்பும் தாடியும் சிரிப்பும் அவரிடம் இருந்தன. சிங்களமும் தமிழும் கலந்த அந்தப் பாட்டில் சுராங்கனிக்கு மீன் வந்திருக்கிற செய்தியைத் தவிர வேறு பெரிய விஷயம் எதுவும் இல்லை. அது போதுமாக இருந்தது. மீன் விற்கிறவன் கூவுகிற கூவலைத் தாளத்தில் வைத்தால் இந்தியப் பெருங்கடலின் எந்தக் கரையிலும் விளங்கும். சொல் விளங்காதவர்களுக்கும் ஆட்டம் விளங்கும். கோவா வரை, மலேசியா வரை, மொழி மாற்றிய வடிவங்களில் அது போனது. மனோகரனே அதைப் பல மொழிகளில் பாடினார்.

1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் ‘சுராங்கனி’யைப் பாடினார்கள். அதே ஆண்டுதான் ‘16 வயதினிலே’ வந்து வாசுதேவனைத் தமிழ்நாட்டின் வீட்டுக் குரலாக்கியது. அவரும் பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர்தான். மலேசியாவில் பிறந்து, நாடகக் குழுவில் பாடி, படவாய்ப்புத் தேடிச் சென்னைக்கு வந்தவர். அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவர் பாடியது அவ்வளவு பொருத்தம். விளைவு என்னவென்றால், தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்குச் ‘சுராங்கனி’ ஒரு சினிமாப் பாட்டு. ‘சின்ன மாமி’ இன்னும் ஒருபடி மேலே போய்விட்டது. கல்லூரிச் சுற்றுலாப் பேருந்தில், கோயில் திருவிழா மெல்லிசை மேடையில், அது ஏதோ பாட்டிமார் காலத்து நாடோடிப் பாட்டு என்றே பாடப்பட்டது. உரும்பிராயிலிருந்து அம்பாறைக்குப் போன ஒரு மாணவரின் குறும்பு என்று சொன்னால் நம்பாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஊரெல்லாம் பாடுகிற பாட்டுக்கு இதைவிட வேறென்ன வெற்றி வேண்டும் என்று கேட்கலாம். அம்பா பாடியவருக்கு இல்லாத ஒன்றை இசைத்தட்டு கொடுத்தது: நடுவில் ஒட்டிய வட்டத் தாளில் அச்சிட்ட பெயர். பாட்டு மிதமாக ஓடியவர்களுக்கு அந்தப் பெயர் மிஞ்சியது. பாட்டு வெறியாக ஓடியவர்களிடமிருந்து ஊர் அந்தப் பெயரைக் கழற்றிவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. அம்பாக்காரர் பெயரில்லாமல் இருந்ததில் யாருக்கும் நட்டமில்லை, ஏனென்றால் அங்கே விற்பனையும் இல்லை. தட்டு விற்பனைக்கு வந்தது. படத்தில் போட்டால் பணம் வந்தது. அதன் பிறகு பெயரில்லாமல் போவது பழைய மாதிரியான காரியமல்ல. இலங்கையில் புலமைச் சொத்துச் சட்டக்கோவை 1979இல்தான் வந்தது. சட்டம் வந்த பிறகும், விடுதித் தாழ்வாரத்தில் பிறந்து கைமாறிப் போன பாட்டுக்கு உரித்தை எந்தக் கந்தோரில் போய் நிறுவுவது?

மனோகரன் சென்னைக்கே போய்விட்டார். தமிழிலும் மலையாளத்திலும் பெரும்பாலும் வில்லன் வேடம். தமிழ்நாட்டில் அவர் முகத்தைப் பார்த்துப் பயந்த பிள்ளைகளுக்கு, இவர் பாட்டுக்காரர் என்பதைப் பெரியவர்கள் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. 2018 ஜனவரி 22இல் சென்னையில் காலமானார். அஞ்சலிச் செய்திகள் அவரைச் ‘சுராங்கனி புகழ்’ என்ற அடைமொழியோடு அறிமுகப்படுத்தின. ஒரு சக்கரவர்த்திக்கு ஒரு பாட்டு அடையாள அட்டையாக வேண்டியிருந்தது.

அவர் விட்டுவந்த நாட்டில் அதற்கிடையில் எவ்வளவோ நடந்துவிட்டது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 ஜூலையில் கொழும்பில் படக்கூடங்கள் எரிந்தபோது இலங்கைத் தமிழ்ப் படங்கள் பலவற்றின் சுருள்களும் போயின. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தப் படகில் போய்வராத குடும்பம் நெடுந்தீவில் இல்லை. 1990இல் இராணுவம் தீவுகளைப் பிடித்தபோது ஊர்காவற்றுறையும் வேலணையும் புங்குடுதீவும் ஏறக்குறைய காலியாயின. பாட்டின் வேலையும் மாறியது. எஸ். ஜி. சாந்தன் போன்ற, கோயில்களுக்குப் பக்திப் பாட்டுப் பாடிய பெருங்குரல்கள் போர்க்காலப் பாட்டின் குரலாயின. 2017 பெப்ரவரியில் சாந்தன் இறந்தபோது திரண்ட கூட்டம் அந்தக் காலத்தின் கணக்கு. கிற்றார்க்காரரின் மாமிச் சீண்டலுக்கு அந்த ஆண்டுகளில் ஊரில் இடமில்லை. அது கப்பலேறி ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் லண்டனுக்கும் போய், தீவக ஊர்ச் சங்கங்களின் ஒன்றுகூடல்களில், இரவு பத்து மணிக்கு மேல் கதிரைகளை ஒதுக்கிவிட்டு ஆடுகிற பாட்டாக உயிர் பிழைத்தது.

இதெல்லாம் பழைய கதை, இணையம் வந்த பிறகு பெயர் தொலையாது என்று நினைப்பவர்களுக்கு 2021ஆம் ஆண்டு நல்ல பாடம். அந்த மார்ச்சில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வெளியானது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாடு திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து ராப் பாடகர் அறிவு எழுதிய பாட்டு அது. பாடகி தீயும் அறிவும் பாடினார்கள். சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. ஒப்பாரியும் தொழிற்பாட்டும் ராப்பும் ஒன்றாய்ப் புரண்ட அந்த மெட்டு கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் தீயும், யாழ்ப்பாணத்தில் பிறந்த கனடியப் பாடகர் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தார்கள். எழுதியவர் இல்லை. கேள்வி எழுந்த பிறகு அவருக்குத் தனியாக ஓர் அட்டை வந்தது. மறு ஆண்டு சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அவர் இல்லாமலே மேடையேறியது. யார் எழுதியது, யார் மெட்டமைத்தது என்று இரு தரப்பும் பொதுவெளியில் பேச வேண்டியதாயிற்று. 2024இல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களில் எவருக்கும் ஒரு ரூபாய்கூட வந்துசேரவில்லை என்றார். அதே 2021இல் ‘மெனிகே மகே ஹித்தே’ என்ற சிங்களப் பாட்டு ‘சுராங்கனி’ போன வழியிலேயே இந்தியாவைச் சுற்றியது. அதைப் பாடிய யொஹானியை எல்லோருக்கும் தெரியும். அதை முதலில் பாடி வெளியிட்ட சதீஷன் ரத்நாயக்கவின் பெயரை இந்தியாவில் எத்தனை பேர் சொல்வார்கள்?

எஞ்சாமி விஷயத்தில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். நித்தி தன் பாட்டு நாடோடிப் பாட்டானதைச் சிரித்துக்கொண்டு கடந்து போகக்கூடியவர். அவருக்கு மெல்பனில் ஒரு வேலை இருந்தது. அறிவுக்குப் பாட்டுத்தான் வேலை. வலைக்கயிற்றைப் பிடித்தவருக்கு மீனில் பங்கு இருந்தது, பாட்டு இனாம். தட்டுக்காரருக்குச் சம்பளம் வேறிடத்தில் இருந்தது, பாட்டு ஆசை. இன்று யாழ்ப்பாணத்திலும் தீவகத்திலும் கைத்தொலைபேசியிலேயே பதிந்து, தொகுத்து, வெளியிட்டுக்கொண்டிருக்கிற இளையவர்களில் பலர் அறிவைப் போல, பாட்டே வேலையான மூன்றாவது வகைக்குப் போக ஆசைப்படுகிறார்கள். பகலில் முச்சக்கர வண்டியோ கடை வேலையோ, இரவில் பாட்டு. அவர்களுக்குப் பெயர் கௌரவப் பிரச்சினை அன்று, கூலிப் பிரச்சினை. ஆகவே பாட்டை ஏற்றுவதற்கு முன் எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், வாசித்தவர் யார், எவருக்கு எத்தனை பங்கு என்று ஒரு தாளிலாவது எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. நட்பு கெட்டுவிடும் என்று கூச்சப்படுகிறார்கள். எழுதாததால் கெட்ட நட்புகளின் எண்ணிக்கை அதிகம்.

பழையவற்றுக்கும் செய்யக்கூடிய வேலை மிச்சமிருக்கிறது. யூடியூபில் கிடக்கிற ஈழத்துப் பொப் பாட்டுகளில் எத்தனையோ ‘சிலோன் பைலா’, ‘பழைய பாடல்’ என்ற தலைப்போடு மட்டும் கிடக்கின்றன. கீழே கருத்து எழுதியவர்களில் ஒருவர் மனோகரன் என்பார், மற்றவர் நித்தி என்பார், மூன்றாமவர் இருவருமில்லை என்று சண்டைக்கு வருவார். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி எல்லோர் கைக்கும் எட்ட வைத்திருக்கிறது. ஒலிக்கும் அந்த அளவு கவனம் வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில், ரொறன்ரோ நிலவறையில், நயினாதீவு மாமா வீட்டு அலுமாரியில் 45 சுழற்சித் தட்டு ஏதும் கிடந்தால், பாட்டை மட்டும் பதிந்து ஏற்றிவிட்டு நிறுத்தாதீர்கள். தட்டின் நடு வட்டத்தையும் இரண்டு பக்கமும் படமெடுத்து ஏற்றுங்கள். உறை இருந்தால் அதன் பின்பக்கத்தையும். கிற்றார் வாசித்தவர், பொங்கோ தட்டியவர், பின்பாட்டுக்கு நின்ற பெண்கள் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் அந்தப் பின்பக்கத்தில், மிகச் சிறிய எழுத்தில்தான் இருக்கும்.